ஆழ்கடல் நத்தைக்குப் பெயரிடல்: செதிற்கால் நத்தையை முன்வைத்து

உயிரினம் ஒன்று கண்டறியப்படுவதும் அதற்குப் பெயர் அமைவதும் இருவேறு நிகழ்வுகள். இவற்றிடையே உள்ள இடைவெளி எத்துணை நீளக்கூடும் என்பதற்கு இந்தியப் பெருங்கடலின் செதிற்கால் நத்தை தக்க சான்றாகும். 2001ஆம் ஆண்டில் கைரெய் என்னும் வெந்நீர் ஊற்றுப் பகுதியில், ஏறத்தாழ 2,400 மீட்டர் ஆழத்தில் இது முதன்முதலாகக் காணப்பட்டது. இரும்புச் சல்பைடு படிந்த செதில்கள் இதன் பாதத்தை ஓட்டுக்கூரை போல் மூடியுள்ளன. 2003இல் 'சயன்ஸ்' ஆய்விதழ் இதனை அறிவுலகுக்கு அறிமுகப்படுத்தியது. எனினும், முறையான பெயர் 2015இல்தான் சோங் சென் முதலான ஆய்வாளர்களால் வழங்கப்பட்டது: கிரைசோமல்லோன் ஸ்குவாமிஃபெரம்.

இடைப்பட்ட காலத்தில் இதே பெயர், சிறு எழுத்து வேறுபாட்டுடன், புழங்கியதுண்டு. விலங்கியற் பெயரீட்டு விதித்தொகுப்பு அதனை ஏற்பதில்லை. ஓர் உயிரியை ஏனையவற்றினின்று பிரித்தறிய உதவும் விளக்கமின்றி வழங்கும் பெயர் வெற்றுப்பெயரே. விளக்கம் எழுதுவோர் ஓட்டின் வடிவம், நாவிலுள்ள நுண்பற்களின் அமைப்பு, உள்ளுறுப்புகள், மரபணு வரிசை ஆகியவற்றை ஒப்பிடுவர். பெயரைத் தாங்கி நிற்கும் மூலமாதிரி ஒன்றையும் சுட்டுதல் வேண்டும். சொலிட்டேர் பகுதி நத்தைகள் இரும்புப் படிவின்றி வெண்ணிறமாக உள்ளன. ஆயினும் அவை தனிச் சிற்றினமாகக் கொள்ளப்படவில்லை.

மொழியாசிரியர்க்குச் சுவை தருவது பெயரின் இலக்கணம். முற்சொல் 'பொன்மயிருடையது' என்னும் கிரேக்கப் பொருளது. பைரைட்டு கனிமத்தின் பொன்னிறம் கருதியது. பிற்சொல் இலத்தீனில் 'செதில் தாங்கிய' எனப் பொருள்படும். முற்சொல் ஆண்பாலுமன்று, பெண்பாலுமன்று. எனவே பெயரடையாகிய பிற்சொல்லும் அந்நடுப்பாலுக்குரிய ஈற்றையே ஏற்றது. தமிழில் பெயரடை பால் காட்டாமையால் இவ்வியைபு நம் மாணவர்க்குப் புதிதாகத் தோன்றலாம். நந்தினை ஈரறிவுயிராக வகுத்த தொல்காப்பிய மரபியல் நம்மிடம் உண்டெனச் சிலர் கூறக்கூடும். அதன் நோக்கு அறிவுநிலை பற்றியது; தனியினங்களைப் பெயரால் வரையறுப்பதன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பெருமை பேசுவது பொருந்தாது.

பெயர் கிடைத்ததன் பயன் விரைவிலேயே புலப்பட்டது. 2019இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்நத்தையை அழிவாபத்துக்குள்ளான இனமாகச் செம்பட்டியலில் சேர்த்தது. ஆழ்கடற் சுரங்கத் தொழிலின் அச்சுறுத்தல் கருதி அவ்வாறு சேர்க்கப்பட்ட முதல் உயிரினம் இதுவே. அப்போது அறியப்பட்டிருந்த மூன்று வாழிடங்களுள் கைரெய், லோங்சி ஆகிய இரண்டும் கனிம ஆய்வு உரிமப் பரப்புகளுக்குள் அமைந்திருந்தன. முறையான பெயரும் விளக்கமும் பெறாத உயிரிகள் அப்பட்டியலில் இடம்பெறுவது அரிது.