மண் மூடும் முன்னே

நாகர்கோவில் பக்கம் புது வீட்டுக்குக் கல் போட்ட இடத்தைப் பார்த்திருப்பீர்கள். வானம் தோண்டிய குழியின் மூலையில் மஞ்சள் பூசிய கல், பூ, நவதானியம். மறுநாளே கொத்தனார் கருங்கல் கட்டத் தொடங்குவார். சில நாளில் மண் தள்ளி மூடிவிடுவார்கள். ஆயுள் சேமிப்பும் வங்கிக் கடனும் எதன்மேல் நிற்கப்போகிறதோ, அதை அதற்குப் பிறகு யாரும் பார்க்க முடியாது. பின்னால் தகராறு வந்தால் நிரூபிப்பதும் பெரும்பாடு.

நம் பெரியவர்கள் வீட்டை விளையில் வைத்தார்கள், வயலை வயலாக விட்டார்கள். கட்டையன்விளை, வாத்தியார்விளை என்று ஊர்ப்பெயரே மேட்டு நிலத்தைச் சொல்லும். இன்று வயலிலும் குளத்தோரத்திலும் செம்மண் அடித்து, சென்ட் கணக்கில் மனையாக விற்கிறார்கள். 2021 நவம்பர் மழையில் தாழ்ந்த இடங்களில் தண்ணீர் ஏறி நின்றது நினைவிருக்கும். கொட்டிய மண் மேலே இறுகித் தெரிந்தாலும் அடியில் களிதான். பாரம் ஏறும்போது அது ஒரே சீராக அமுங்காது. ஒரு மூலை கூடுதலாக இறங்கும்; சுவரில் விரிசல் படிக்கட்டு மாதிரி கோணலாக ஏறும். அதன்மேல் பூசி வெள்ளை அடித்தால் அடுத்த மழைக்கு மறுபடி வாய் திறக்கும். எத்தனை அடி தோண்டினால் கெட்டி மண் வரும் என்பதை மண் பரிசோதனையில் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுச் செலவில் அது சின்னத் தொகைதான்.

முன்பணம் கொடுக்கும் முன்பே வில்லங்கச் சான்றிதழ், பட்டா, புலப்படம் மூன்றையும் ஒத்துப் பாருங்கள். நன்செய் என்றிருந்தால் நில உபயோக மாற்ற அனுமதி கேளுங்கள். அங்கீகாரமில்லாத மனையைப் புதிதாகப் பதிய 2016 முதல் தடை உண்டு. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் 2024-இல் வந்த சுயசான்றுத் திட்டத்தில் ஆன்லைனிலேயே கட்டட அனுமதி வாங்கலாம். ஆனால் அதில் எழுதுவதற்கெல்லாம் பொறுப்பு உங்களுடையது.

எல்லையை ஒட்டித் தோண்டும்போது பக்கத்து வீட்டுக்காரரின் மண் சரிந்தால் நட்டஈடு கேட்க அவருக்கு உரிமை உண்டு. நிலத்துக்கு நிலம் தரும் இயற்கைத் தாங்கலை 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமே ஏற்றிருக்கிறது.

கண்ட்ராக்டரோடு வாய்ப்பேச்சு போதாது. ஆழம், கம்பியின் அளவு, கான்கிரீட் கலவை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அடித்தளக் கம்பியைச் சுற்றி குறைந்தது 50 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். கம்பி நேரே மண்ணில் கிடந்தால் துருப்பிடிக்கும். கடற்கரை ஊர்களில் உப்பு அதைச் சீக்கிரமே தின்றுவிடும்.

வேலை கெட்டுப்போனால் முதலில் எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். வீடு கட்டிக் கொடுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு சேவை. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வழி கேட்க 1915-ஐ அழையுங்கள்.

ஆணையத்தில் முதலில் கேட்பது ஆதாரத்தைத்தான். ஆகவே மண் தள்ளச் சொல்லும் முன் டேப்போடு ஒருமுறை குழிக்குள் இறங்குங்கள். ஆழத்தையும் கம்பியையும் தேதியோடு படம் எடுங்கள். சிமெண்ட், கம்பி பில்களைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.