புயலைத் தேடிப் போகிறவர்கள்



வானம் கறுத்து இடி முழங்கத் தொடங்கினால், கொடியில் காயும் துணிகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போவதுதான் நம் வழக்கம். இதற்கு நேர்மாறாக, இன்று இடி எங்கே முழங்கும் என்று காலையிலேயே கணக்குப் போட்டு, காருக்கு எண்ணெய் நிரப்பி, அதைத் தேடி ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டர் போகிறவர்களும் உலகில் இருக்கிறார்கள். அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள டெக்சஸ், ஒக்லஹோமா, கன்சாஸ், நெப்ராஸ்கா முதலிய மாநிலங்களில், ஏப்ரல் முதல் ஜூன் வரை இவர்களைச் சாலைகளில் காணலாம். 'புயல் துரத்துவோர்' என்பது இவர்களுக்கு வழங்கும் பெயர். 1996இல் 'டுவிஸ்டர்' என்னும் ஆங்கிலப் படம் வெளிவந்த பிறகு நம் இளைஞர்கள் பலருக்கும் இவர்களைத் தெரியும். ஆனால் படம் பார்த்துத் தெரிந்துகொண்டது பாதிதான். இந்த முயற்சியில் ஒருவர் எப்படி இறங்குகிறார், உயிரோடு வீடு திரும்ப என்னென்ன விதிகளைக் கைக்கொள்கிறார் என்பதை இன்று காண்போம்.

புயல் என்றவுடன், வங்கக் கடலில் தோன்றி நாகப்பட்டினத்தையும் கடலூரையும் தாக்கும் புயல் நம் நினைவுக்கு வரும். இவர்கள் துரத்துவது அதை அன்று. கடற்புயல் பலநூறு கிலோமீட்டர் அகலமுடையது. பல நாள்கள் நீடிப்பது. அது வருவது முன்னரே தெரிந்துவிடும். இவர்கள் தேடிப்போவது நிலத்தின்மேல் எழும் இடிமேகத்தை. அம்மேகத்தின் அடியிலிருந்து சில வேளைகளில் யானையின் துதிக்கை போல ஒரு சுழல்காற்று தரையைத் தொடும். அதற்கு டொர்னாடோ என்று பெயர். பெரும்பாலானவற்றின் அகலம் சில நூறு மீட்டருக்கு மேல் இராது. ஆயுளும் சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களில் வீட்டை அடித்தளத்திலிருந்து பெயர்த்துவிடும் வலிமை அதற்கு உண்டு. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 டொர்னாடோக்கள் பதிவாகின்றன.

அங்கே மட்டும் ஏன் இத்தனை? தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று அந்தச் சமவெளிக்குள் நுழைகிறது. மேற்கே மேட்டுநிலத்திலிருந்து வறண்ட காற்று வந்து அதன்மேல் படிகிறது. அதற்கும் மேலே குளிர்காற்று. இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். தரையருகே ஒரு திசையில் மெதுவாக வீசும் காற்று, உயரே போகப்போக வேறு திசையில் விரைவாக வீச வேண்டும். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, மேல் கையை மட்டும் முன்னால் தள்ளிப் பாருங்கள். பென்சில் உருள்கிறதல்லவா? அதுபோலத்தான் இரண்டு அடுக்குகளுக்கு இடையிலுள்ள காற்றும் படுத்த வாக்கில் உருளத் தொடங்குகிறது. மேலெழும் வெப்பக்காற்று அந்த உருளையை நிமிர்த்தி நிறுத்தும்போது, மேகமே சுழல ஆரம்பிக்கிறது. இப்படிச் சுழலும் மேகத்தைச் 'சூப்பர்செல்' என்பார்கள். அவற்றிலும் பெரும்பாலானவை டொர்னாடோவை இறக்காமலே கலைந்துவிடும்.

நம் நாட்டில் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் பூமத்தியரேகைக்கு அருகே, மேலேயும் கீழேயும் வீசும் காற்றுகளுக்கிடையே அவ்வளவு வேறுபாடு இருப்பதில்லை. ஆகவே நம் இடிமேகம் நேராக எழும்புகிறது. தான் பொழியும் மழையாலேயே ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது.

இந்தத் துரத்தலைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் டேவிட் ஹோட்லி. வட டக்கோட்டா மாநிலத்துப் பிஸ்மார்க் நகரைச் சேர்ந்த இவர், 1956இல், பள்ளிப் பருவத்திலேயே இதில் இறங்கினார். 1977இல் தம்மைப் போன்றவர்களுக்காக ஒரு சிறு செய்தி மடலையும் நடத்தத் தொடங்கினார். வெறும் வேடிக்கையாக இருந்த இது ஆராய்ச்சியாக மாறியது 1972இல். ஒக்லஹோமாவின் நோர்மன் நகரிலுள்ள தேசியக் கடும்புயல் ஆய்வுக்கூடம், பல்கலைக்கழக மாணவர்களைக் காரில் ஏற்றி இடிமேகங்களை நோக்கி அனுப்பியது. மறு ஆண்டு மே 24ஆம் நாள், யூனியன் சிட்டி என்ற சிற்றூரில் இறங்கிய டொர்னாடோவைத் தொடக்கம் முதல் முடிவு வரை அவர்கள் படமெடுத்தார்கள். அதே நேரத்தில் ஆய்வுக்கூடத்தின் டொப்ளர் ராடார் அம்மேகத்துக்குள் காற்று சுழல்வதைப் பதிவு செய்தது. படத்தையும் ராடார் பதிவையும் ஒப்பிட்டபோது, சுழல் தரையைத் தொடுவதற்கு முன்னரே அதன் அடையாளம் மேகத்தினுள் உயரத்தில் தெரிந்தது புலப்பட்டது. அந்நாட்டு மக்களுக்கு இன்று முன்கூட்டியே எச்சரிக்கை கிடைப்பதற்கு இதுவும் ஓர் அடிப்படை. மேகத்தின் கீழே தரையில் என்ன நடக்கிறது என்பதை ராடார் முழுமையாகக் காட்டாது. கண்ணால் கண்டு சொல்ல ஆள் வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் செய்ய வேண்டியது வகுப்பில் உட்காருவது. அமெரிக்க தேசிய வானிலைச் சேவை 'ஸ்கைவோர்ன்' என்னும் பெயரில் பொதுமக்களுக்கு இலவசப் பயிற்சி நடத்துகிறது. எந்த மேகம் ஆபத்தானது, எது பார்க்கப் பயங்கரமாக இருந்தும் தீங்கற்றது, கண்டதை எப்படித் தெரிவிப்பது என்பவை அங்கே கற்பிக்கப்படுகின்றன. அதற்குப் பின்னும் தனியாகப் போகலாகாது. அனுபவமுள்ள ஒருவரோடு சில பருவங்கள் போய்வர வேண்டும். ஒருவர் காரோட்ட, மற்றவர் வானத்தையும் வரைபடத்தையும் பார்ப்பதே முறை. காரோட்டிக்கொண்டே வானத்தைப் பார்ப்பவன் இரண்டையும் சரியாகப் பார்க்கமாட்டான்.

துரத்துவது என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் இவர்கள் புயலின் பின்னால் ஓடுவதில்லை. முந்திச் சென்று காத்திருக்கிறார்கள். அங்குள்ள இடிமேகங்கள் பெரும்பாலும் கிழக்கு அல்லது வடகிழக்கு நோக்கி நகரும். எனவே மேகத்துக்குத் தென்கிழக்கே நிற்பதுதான் தேர்ந்தவர்கள் கைக்கொள்ளும் இடம். அங்கிருந்து மழையற்ற மேகத்தின் அடிப்பகுதி தெளிவாகத் தெரியும். தெற்கே விலகிச் செல்ல வழியும் இருக்கும். வடக்குப் பக்கம் போனால் மழையும் ஆலங்கட்டியும் கண்ணை மறைக்கும். ஆலங்கட்டி என்றதும் சிறுவயதில் நாம் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டதை எண்ண வேண்டாம். 2010 ஜூலையில் தென் டக்கோட்டாவின் விவியன் என்ற ஊரில் விழுந்த ஒன்று 20 சென்டிமீட்டர் குறுக்களவு இருந்தது.

எந்த இடத்தில் நின்றாலும் வெளியேற இரண்டு வழிகள் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய தலையாய விதி. அந்த வழி மண்சாலையாக இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. மழைக்குப் பிறகு தோட்டத்துச் செம்மண் சாலையில் லோரிச் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல்வதைப் பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. இன்னொரு விதி: டொர்னாடோ இடமோ வலமோ நகராமல் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றி, பெரிதாகிக்கொண்டே இருந்தால், அது நம்மை நோக்கி வருகிறது என்று பொருள். இருட்டிய பின் துரத்துவதை அறிந்தவர்கள் தவிர்ப்பார்கள்.

விதிகள் தெரிந்தவர்களும் இறந்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. டிம் சமராஸ் என்பவர் ஒரு பொறியாளர். டொர்னாடோ கடந்து போகும் பாதையில் கருவிகளை வைத்துவிட்டு விலகிவிடுவது இவருடைய ஆராய்ச்சி முறை. 2003 ஜூன் 24ஆம் நாள், தென் டக்கோட்டாவின் மான்செஸ்டர் ஊரருகே இவர் வைத்த கருவி, டொர்னாடோவின் நடுவே காற்றழுத்தம் 100 மில்லிபார் குறைந்ததைப் பதிவு செய்தது. அதற்கு முன் எவரும் அத்தகைய வீழ்ச்சியை அளந்ததில்லை. துணிச்சலுக்காக அன்றி, எச்சரிக்கை உணர்வுக்காகவே சக ஆராய்ச்சியாளர்கள் இவரை மதித்தார்கள்.

2013 மே 31ஆம் நாள் மாலை, ஒக்லஹோமாவின் எல் ரீனோ நகருக்கு அருகே ஒரு டொர்னாடோ இறங்கியது. பதினொரு நாள்களுக்கு முன்னர்தான் அதே மாநிலத்தின் மூர் நகரில் ஒரு டொர்னாடோ 24 பேரைப் பலிகொண்டிருந்தது. அந்த அச்சத்தில் மக்கள் பலர் வீட்டைவிட்டுக் காரில் தப்பியோட முயன்றார்கள், சாலைகளில் நெரிசல். துரத்துவோர் கூட்டமும் அங்கே திரண்டிருந்தது. தென்கிழக்காகப் போய்க்கொண்டிருந்த டொர்னாடோ வடகிழக்கே திரும்பியது, வேகம் கூடியது, மிகக் குறுகிய நேரத்தில் 4.2 கிலோமீட்டர் அகலத்துக்குப் பெருத்தது. பதிவானவற்றில் இதுவே மிக அகலமானது. சுற்றிலும் மழை மூடியிருந்ததால் அதன் விளிம்பு எங்கே என்றே பலருக்குத் தெரியவில்லை. சமராஸும், அவருடைய மகன் பாலும், உடன் சென்ற கார்ல் யங்கும் காரோடு அதில் சிக்கி உயிரிழந்தார்கள். மாறிய திசையில் அவர்கள் நின்ற சாலை இருந்தது. விலகிச் செல்ல நேரம் இல்லை.

அவர்கள் இறந்தது டொர்னாடோவால். ஆனால் துரத்துவோரைக் கூடுதலாகக் கொன்றிருப்பது சாலைதான். 2017 மார்ச்சில் டெக்சஸ் மாநிலத்தில், நின்று செல்ல வேண்டிய சந்திப்பில் நிற்காமல் சென்ற கார் இன்னொரு காரோடு மோதி, இரண்டிலும் இருந்த மூவர் மாண்டார்கள். 2022 ஏப்ரலில் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்து வானிலை மாணவர்கள் மூவர், டொர்னாடோவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், நீர் தேங்கிய நெடுஞ்சாலையில் கார் வழுக்கி இறந்தார்கள். களைப்பு, ஈரச்சாலை, இரவு ஆகிய மூன்றும் சேர்ந்தால் எந்த நாட்டிலும் இதே கதைதான். நம் பெருநாள் விடுமுறைச் செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு இது தெரியும்.

சாலையில் டொர்னாடோ எதிர்ப்பட்டால் மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கலாம் என்று ஒரு தவறான நம்பிக்கை அங்கே பரவியிருந்தது. 1991இல் கன்சாஸில் சிலர் அப்படி ஒதுங்கிப் பிழைத்த காட்சி தொலைக்காட்சியில் வந்ததே அதற்குக் காரணம். 1999 மே 3ஆம் நாள், ஒக்லஹோமாவில் அவ்வாறு பாலங்களின் அடியில் ஒதுங்கியவர்களில் மூவர் இறந்தார்கள். குறுகிய இடத்தில் நுழையும் காற்று வேகம் கூடும். பறந்துவரும் பொருள்களுக்கும் மறைப்பு இல்லை. நிலவறையோ, உறுதியான கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சன்னலில்லாத உள்ளறையோதான் புகலிடம்.

மின்னலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது நமக்கு நேராகவே பொருந்துவது. நம் தீபகற்பம் உலகில் இடி மிகுதியாக முழங்கும் பகுதிகளுள் ஒன்று. அதிலும் மேற்குக் கரையில், ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில், விடியும் முன்னே சுமத்ரா பக்கத்திலிருந்து வரிசையாக வரும் புயல்மழை, பால்மரக் காட்டுக்குப் புறப்படும் நேரத்தில்தான் வந்து சேர்கிறது. செம்பனைக் குலை அறுக்கும் நீண்ட அலுமினியக் கழியை இடி முழங்கும்போது நிமிர்த்திப் பிடிப்பது பேராபத்து. தனி மரத்தடியும், திடலோரத்தில் தகரக்கூரை போட்ட திறந்த கொட்டகையும் மழைக்கு உதவும், மின்னலுக்கு உதவா. நான்கு சுவர் உள்ள கட்டடம் வேண்டும். இல்லையேல் சன்னல்கள் மூடிய, உலோகக்கூரையுள்ள கார் போதும். காரைக் காப்பது அதன் ரப்பர்ச் சக்கரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று, மின்சாரம் உலோக உடலின் வெளிப்புறமாகவே பாய்ந்து தரையை அடைகிறது. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு அந்தக் கூடு இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மின்னலைக் கண்டதும் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. முப்பது எண்ணுவதற்குள் இடியோசை கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது; திடலில் இருப்பவர்கள் உள்ளே வந்துவிட வேண்டும். மழை விட்டதும் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். கடைசி இடியோசை கேட்டு அரைமணி நேரம் ஆகும்வரை அவர்களை வெளியே விடாதீர்கள்.