வேட்பாளர் ஒருவர், விரும்பியோர் பலர்

நம் நாட்டில் ஜனாதிபதித் தேர்தல் ஒவ்வொன்றும் இரு முறை நடைபெறுகின்றது எனலாம். முதலாவது, 'நமது வேட்பாளர் யார்?' என்ற வினாவை முன்வைத்துக் கட்சியின் செயற்குழுவிலே நடைபெறுவது. இரண்டாவது, நாடறிய வாக்குச்சாவடியிலே நடைபெறுவது. முதலாவதில் தோற்றவர் எங்ஙனம் நடந்துகொள்கின்றார், வென்றவர் அவரை எங்ஙனம் நடத்துகின்றார் என்பவற்றைப் பொறுத்தே இரண்டாவதன் போக்கு பெரும்பாலும் அமைகின்றது. கொழும்பிலே நிகழும் இப்போட்டிக்கும் ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளின் லயங்களில் வாழும் மக்களுக்கும் யாது தொடர்பு என்று வினவலாம். தொடர்பு நெருங்கியது, அதனைச் சிறிது ஆராய்வோம்.

ஒரு தொகுதி, மூன்று உறுப்பினர்

1977ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதி மூன்று உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. ஐக்கிய தேசியக் கட்சியின் காமினி திசாநாயக்க, சிறீலங்கா சுதந்திரக் கட்சியின் அனுரா பண்டாரநாயக்க, இலங்கை தொழிலாளர் காங்கிரஸின் சௌமியமூர்த்தி தொண்டமான் ஆகியோரே அம்மூவர். 1978ஆம் ஆண்டு தொண்டமான் ஜே. ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அதே அமைச்சரவையில் மகாவலி அபிவிருத்திப் பொறுப்பை ஏற்றிருந்தவர் காமினி. தோட்டத் தொழிலாளரிடையே ஐக்கிய தேசியக் கட்சி நடத்திய தொழிற்சங்கத்துக்கும் அவரே தலைவராயிருந்தார். ஆகவே, அக்கட்சியின் உட்பூசல் மலையகத்தாருக்கு அயல்வீட்டுச் சண்டையன்று. தம் வீட்டுத் திண்ணையிலேயே நடந்த சண்டை.

1988: இருவருக்குக் கிட்டாத இடம்

ஒருவர் இரு முறைக்கு மேல் ஜனாதிபதியாகத் தெரிவாதல் அரசியலமைப்பின்படி கூடாது. எனவே 1988இல் ஜே. ஆருக்குப் பின் யார் என்ற வினா எழுந்தது. பிரதமர் ரணசிங்க பிரேமதாச, லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க ஆகிய மூவரும் அவ்விடத்துக்குரியவர்களாகக் கருதப்பட்டனர். முடிவில் பிரேமதாசவே வேட்பாளரானார். ஏனைய இருவரும் கட்சியை விட்டு விலகாது தேர்தலுக்கு உழைத்தனர். இலங்கை தொழிலாளர் காங்கிரஸும் அவருக்காகத் தோட்டத்து வாக்குகளைத் திரட்டியது.

டிசம்பர் 19ஆம் தேதி நடைபெற்ற தேர்தலில் பிரேமதாச பெற்றது 50.43 சதவீதம், சிறிமாவோ பண்டாரநாயக்க பெற்றது 44.95 சதவீதம். முதல் எண்ணிக்கையிலேயே வெல்வதற்குச் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும். அந்த எல்லையை அவர் தாண்டியது ஏறத்தாழ 22,000 வாக்குகளாலேயே. தோற்ற இருவரும் அன்று பிணங்கி ஒதுங்கியிருப்பின், முடிவு வேறாகியிருக்கவும் கூடும்.

ஆனால், தேர்தல் வரை நிலைத்த ஒற்றுமை தேர்தலுக்குப் பின் நிலைக்கவில்லை. 1989இல் பிரதமர் பதவி இவ்விருவரையும் கடந்து டி. பி. விஜேதுங்கவுக்குச் சென்றது. 1990இல் காமினி அமைச்சரவையில் இடமிழந்தார். 1991இல் ஜனாதிபதிமீது குற்றப் பிரேரணை கொண்டுவர முற்பட்டோருள் லலித்தும் காமினியும் முதன்மையானவர்கள். அம்முயற்சி கைகூடவில்லை, இருவரும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டுப் புதுக்கட்சி கண்டனர்.

1993ஆம் ஆண்டு ஏப்ரலில் லலித்தும், மே தினத்தன்று பிரேமதாசவும் கொலையுண்டனர். பின்னர்த் தாய்க்கட்சிக்கு மீண்ட காமினி, 1994இல் எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்கு ரணில் விக்கிரமசிங்கவுடன் போட்டியிட்டு மிகச் சில வாக்குகளால் வென்று, ஜனாதிபதி வேட்பாளருமானார். அவ்வாண்டு அக்டோபரில் தேர்தற் கூட்டமொன்றிலே அவரும் குண்டுக்கு இரையானார். இக்கொலைகளுக்குக் கட்சிப் பூசலே காரணம் என்பது நம் கருத்தன்று. ஆயினும், ஆறே ஆண்டுகளில் ஒரு பெருங்கட்சி தன் முன்னணித் தலைவர் மூவரையும் இழந்து நின்றது.

மீண்டும் அதே வினா

2019இல் அதே வினா அதே கட்சியில் மீண்டும் எழுந்தது. தலைவர் ரணில் ஒருபுறம். பிரேமதாசவின் மைந்தர் சஜித் மறுபுறம். சபாநாயகர் கரு ஜயசூரியவின் பெயரும் அடிபட்டது. மாதக்கணக்கில் இழுபறிப்பட்டு, செப்டம்பர் 26ஆம் தேதியே சஜித்தின் பெயரைச் செயற்குழு ஏகமனதாக ஏற்றது. தேர்தலுக்கு எஞ்சியிருந்தவை ஏழே வாரங்கள்! நவம்பர் 16ஆம் தேதி நுவரெலியா மாவட்டம் அவருக்குப் பெரும்பான்மை வழங்கியபோதிலும், நாடு கோட்டாபய ராஜபக்ஷவையே தெரிவு செய்தது. அடுத்த ஆண்டு சஜித் அணியினர் ஐக்கிய மக்கள் சக்தியாகப் பிரிந்து 54 ஆசனங்களைப் பெற்றனர். 1946இல் தோன்றிய தாய்க்கட்சிக்குக் கிட்டியது தேசியப் பட்டியலில் ஓர் ஆசனம் மட்டுமே.

இப்பிளவு மலையகத்தையும் பிளந்தது. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி நடைபெற்ற தேர்தலில் தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்துக்கும், இலங்கை தொழிலாளர் காங்கிரஸ் சுயேச்சையாகப் போட்டியிட்ட ரணிலுக்கும் வாக்குக் கேட்டன. ஒரே மலையில் கொழுந்து கொய்வோர் இரு கூறாயினர். நுவரெலியா மாவட்டத்தில் சஜித் முதலிடமும் ரணில் இரண்டாமிடமும் பெற்றனர். நாடளாவிய முதல் எண்ணிக்கையிலோ அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதம் பெற்று முன்னின்றார்; சஜித்துக்கு 32.76, ரணிலுக்கு 17.27. பின்னிரண்டையும் கூட்டினால் பாதியைச் சற்றே கடக்கும். ஒருவரே நின்றிருப்பின் அத்தனை வாக்கும் அவருக்கே விழுந்திருக்கும் எனக் கூறுவதற்கில்லை. ஆனால் போட்டியின் தன்மையே மாறியிருக்கும்.

மாணவர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். எவரும் பாதியைக் கடக்காவிடின், முதலிருவர் தவிர்ந்த ஏனையோருக்கு விழுந்த சீட்டுகளில் குறிக்கப்பட்ட இரண்டாம், மூன்றாம் விருப்புகள் அவ்விருவருக்கும் சேர்க்கப்படும். இவ்வாறு எண்ண நேர்ந்தது 2024இலேயே முதன்முறை. ரணிலுக்கு மட்டும் ஏறத்தாழ 23 இலட்சம் வாக்குகள் விழுந்திருக்க, ஏனைய வேட்பாளர் அனைவரின் சீட்டுகளிலிருந்தும் முதலிருவருக்குச் சேர்ந்த விருப்புகள் சுமார் 2 இலட்சத்து 73 ஆயிரமே. பிரிந்து நின்றவர்களும் 'இரண்டாம் விருப்பை இன்னாருக்கு இடுக' என்று தம்மவருக்கு எடுத்துரைத்திருக்கலாமே!

கடல் கடந்த ஓர் உதாரணம்

அமெரிக்காவில் 2008இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் நியமனத்துக்குப் பராக் ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் ஜனவரி தொடங்கி ஜூன் வரை கடுமையாகப் போட்டியிட்டனர். முடிவு தெரிந்ததும், ஜூன் 7ஆம் தேதி ஹிலாரி விலகி ஒபாமாவுக்கு ஆதரவளித்தார். ஆகஸ்டில் டென்வர் மாநாட்டிலே, ஒபாமாவை ஆரவாரத்தோடு ஏகமனதாகத் தெரிவு செய்யுமாறு முன்மொழிந்தவரும் அவரே. வென்ற ஒபாமா தம் அரசின் வெளிநாட்டமைச்சை அவரிடமே ஒப்படைத்தார். போட்டி நெருக்கமாயிருந்தமையால் கட்சி உடையவில்லை. விதிகள் முன்னரே வகுக்கப்பட்டிருந்தன. தோற்றவருக்கு மதிப்பான இடமும் கிடைத்தது.

நம் வீட்டுப் பாடம்

இவ்வுண்மையை மலையகம் தன் அனுபவத்தாலேயே அறியும். 1939இல் தோன்றிய இலங்கை இந்தியன் காங்கிரஸில் ஒன்றாய் உழைத்தவர்கள் தொண்டமானும் அஸீஸும். தலைமைப் போட்டி முற்றியமையால், 1956ஆம் ஆண்டளவில் அஸீஸ் தலைமையில் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் தனியாயிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, வாக்குரிமையும் இழந்து நின்ற மக்களுக்கு அப்போது எஞ்சியிருந்த வலிமை சங்கம் ஒன்றே, அதுவும் இரண்டாயிற்று. அடுத்தடுத்த காம்பராக்களில் இருந்தோர் வெவ்வேறு சங்கங்களுக்குச் சந்தா செலுத்தினர். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். சம்பளம் பேசுமிடத்தில் அக்கொண்டாட்டம் தோட்ட நிர்வாகத்துக்கே உரியதாயிற்று.

தலைமையை விரும்புதல் குற்றமன்று. போட்டியில்லாத கட்சி உயிரற்ற கட்சியே. ஆனால், வேட்பாளரைத் தெரியும் முறை முன்னரே யாவருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். முடிவு உரிய காலத்தில் வருதல் வேண்டும். தோற்றவர் மனமுவந்து உழைக்கவும், வென்றவர் அவரை மறவாதிருக்கவும் வேண்டும். நாடற்றோர் என்ற நிலையை முற்றாக நீக்க 1988இலும் 2003இலும் கூடச் சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. அத்தனை காலம் காத்திருந்து பெற்ற வாக்கைத் தலைவர்களின் மனத்தாங்கலுக்காகச் சிதறவிடலாகாது. வாக்குக் கேட்டு நம் லயத்து வாசலுக்கு வருவோரிடம், 'உங்கள் கட்சியில் வேட்பாளரை எம்முறையில் தெரிந்தீர்கள்? தோற்றவர் இன்று எங்கே?' என இரு கேள்விகள் கேட்போமாக. அவர்கள் கூறும் விடை, கூட்டணிகளின் உறுதிமொழிகளை விட நமக்கு அதிகம் உணர்த்தும்.