சிறு பட்சியும் சுதந்திர தேசமும்

தேன்சிட்டைக் கண்டு, அதுவே ஹம்மிங் பறவை என்று சாதிப்போர் நம்மிடையே பலர். கற்றோரும் இப்பிழைக்கு விலக்கல்லர். முதற்கண் இவ்வழக்கைத் தீர்த்துவிடுவோம். ஹம்மிங் பறவைகளில் 350 இனங்களுக்கு மேல் உண்டு. அவை யாவும் அமெரிக்கக் கண்டங்களையும் அவற்றை அடுத்த தீவுகளையுமே தாயகமாக உடையவை. நமது தேசத்தில் ஒன்றேனும் இல்லை. தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில் அமர்ந்து தேனுண்ணும், ஹம்மிங் பறவையோ அந்தரத்தில் நின்றவாறே உண்ணும், பின்னோக்கியும் பறக்கும். சிறகின் ரீங்காரமே அதற்குப் பெயராயிற்று.

அப்பட்சியை அதன் சொந்த பூமியிலே காண விரும்புவோர்க்கு டிரினிடாட் தீவு மிகவும் வாய்ப்பான இடம். வெனிசுவேலாவின் கரையை அடுத்துள்ள அச்சிறு தீவில் 15க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. தீவின் வடபுறத்து மலைத்தொடரில், அரீமாப் பள்ளத்தாக்கிலே, முன்னாளில் கொக்கோவும் காப்பியும் விளைந்த ஒரு தோட்டம் 1967இல் ஆசா ரைட் இயற்கை நிலையமாக அமைக்கப்பெற்றது. நாம் சென்றது அங்கேதான்.

பொழுது புலர்ந்ததும் தாழ்வாரத்தில் நின்றோம். தொங்கவிட்டிருந்த சர்க்கரைத் தண்ணீர்க் குடுவைகளை, நீலத் தலையும் வெண்பிடரியும் கொண்ட ஜாக்கோபின் பறவைகள் மொய்த்து, ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருந்தன. நாம் காண விழைந்த 'கொண்டைக் கோக்கெட்' அக்கூட்டத்தில் இல்லை. பிறர் ஊற்றிவைக்கும் சர்க்கரைத் தண்ணீரை அது பெரும்பாலும் நாடுவதில்லை என்றும், சீமை நாயுருவிச் செடிகளண்டை காத்திருக்க வேண்டுமென்றும் வழிகாட்டி கூறினார். அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஊர்ச் சாலையோரங்களிலும் குடியேறி, ஊதாப் பூவுடன் நிற்கும் அதே செடிதான்.

அரைமணி நேரம் கழிந்தது. ஒரு வண்டு பூவுக்குப் பூ மெல்ல நகர்ந்தது. வண்டென்றே எண்ணிக் கண்ணை எடுத்துவிட்டோம். வழிகாட்டி கைகாட்டிய பிறகே உண்மை விளங்கிற்று. ஏழு செண்டிமீட்டருக்கும் குறைந்த உடல். மூன்று கிராமுக்கும் குறைந்த எடை. அதாவது நமது ஒரு ரூபாய் நாணயத்தின் பாரங்கூட இல்லை. தலையில் செம்பழுப்புக் கொண்டை; கழுத்தின் இருபுறமும் பச்சைப் புள்ளியிட்ட இறகுகள் விசிறி போல் விரிந்திருந்தன. இவ்வலங்காரம் ஆணுக்கு மாத்திரமே. ஆயினும் 'கோக்கெட்' என்றால் மினுக்குக்காரி என்று பொருள். பெயரிட்டவர் விசாரணையின்றியே தீர்ப்பளித்துவிட்டார் போலும்!

பெரிய ஹம்மிங் பறவைகள் பூஞ்செடிகளைத் தமதென்று காவல் புரிகின்றன, அயலாரைத் துரத்துகின்றன. கோக்கெட்டோ வண்டைப் போல் மெல்லப் பறந்து, அவற்றின் காவலுக்குள்ளேயே புகுந்து, தனக்கு வேண்டியதைக் கொண்டு செல்கிறது. வலியோர் நடுவே எளியோர் வாழும் வகையை அங்கே பிரத்தியட்சமாகக் கண்டோம்.

ஆனால் மனிதனுடைய பேராசைக்கு முன் அந்த உபாயம் பலிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மாதரின் தொப்பிகளை அலங்கரிக்கும் பொருட்டு, இப்பறவைகளின் தோல்கள் லண்டன் ஏலச் சந்தையில் குவியல் குவியலாக விலைபோயின. அக்கொலைக்கு டிரினிடாட்டும் தப்பவில்லை. அதே காலத்தில், 1845 முதல் 1917 வரை, 1,40,000க்கு மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவின் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய நம்மவரும் அவர்களில் உண்டு. பறவைக்கு விலையிட்ட கணக்குப் புத்தகமே மனிதனுக்கும் விலையிட்டது. நியாயமாகச் சொல்லுமிடத்து, இறகு வியாபாரத்தை எதிர்த்து 1889இல் சங்கம் கண்டவரும் ஆங்கில மாதரே. ஆயினும் இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் 1921இல்தான் பிறந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள்! அதற்குள் மாண்ட உயிர்களுக்கு எந்த நீதிமன்றம் பரிகாரம் அளிக்கும்?

1962இல் டிரினிடாட் டொபேகோ சுதந்திரம் பெற்றது. புதிய தேசம் தனக்கென வகுத்த சின்னத்தை நோக்குங்கள். கேடயத்தின் கீழ்ப்பாகத்தில் கொலம்பஸின் மூன்று கப்பல்கள். மேற்பாகத்தில் இரண்டு ஹம்மிங் பறவைகள். வந்தவனுடைய கப்பல்களை அந்த ஜனங்கள் மறைத்துவிடவில்லை. ஆனால் அவற்றுக்கு மேலே தம் மண்ணின் பட்சியை வைத்தார்கள். இதனினும் சிறந்த சரித்திர பாடம் வேறில்லை.

எனினும் சின்னத்தில் பொறிப்பது எளிது. செடியை விட்டுவைப்பது அரிது. கோடைதோறும் மனிதர் வைக்கும் தீ அம்மலைச் சரிவுகளை அழிக்கிறது. கல் வெட்டும் தொழிலோ மலையையே தின்கிறது. அந்நியன் தொப்பிக்காகப் பறவையைக் கொன்றான். சுதேசியோ அதன் பூவைப் பறித்துக்கொண்டு கொல்லலாகாது. மூன்று கிராம் உயிருக்கு இடமளிக்கக்கூடிய தேசமே தன் எளிய குடிகளுக்கும் இடமளிக்கும். இதற்கு அத்தீவார் மாத்திரமல்லர், சுதந்திரம் பெற்ற எல்லாத் தேசத்தாருமே பொறுப்பாளிகள்.