அரேஞ்சர் கீபோர்டில் பொத்தான்களுக்கும் மிதிகளுக்கும் பணி ஒதுக்குதல்

அரேஞ்சர் கீபோர்டு என்பது, வாசிப்பவர் இடக்கையால் பிடிக்கும் கார்டு எனப்படும் சுரச்சேர்க்கையைப் பின்பற்றித் தாளம், பேஸ், பிற துணைக்கருவிகளின் ஒலி ஆகியவற்றைத் தானே இசைக்கும் மின்னணு இசைக்கருவி ஆகும். யமஹாவின் பிஎஸ்ஆர் வரிசை, கோர்க்கின் பிஏ வரிசை ஆகியவற்றில் பல மாதிரிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. உயர்நிலை மாதிரிகளில் சில பொத்தான்களும் கால்மிதிகளும் என்ன பணியைச் செய்யவேண்டும் என்பதை வாசிப்பவரே தீர்மானிக்கலாம். எடுத்துக்காட்டாக, 2019 இல் வெளிவந்த பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900 இல் இதற்கென்றே ஏ முதல் எஃப் வரை ஆறு பொத்தான்கள் உள்ளன.

தேவை

தமிழ்நாட்டில் இக்கருவி பெரிதும் பயன்படுவது மெல்லிசைக் கச்சேரிகளில் ஆகும். 2019 இல் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டம் போன்ற பகுதிகளில், கோயில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் எப்போதும் முழுக் குழுவை அழைக்க இயலாது. கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலை போன்ற ஊர்களுக்கு வளைந்தேறும் சாலையில் டிரம்சும் ஒலிபெருக்கிகளும் பத்துப் பேரும் செல்வதைவிட, ஒரு கீபோர்டும் இரண்டு பாடகர்களும் செல்வது எளிது. அவ்வாறாயின் தாளக்காரர், பேஸ் வாசிப்பவர் ஆகியோரின் வேலை முழுவதும் ஒருவர் தலையில் விழுகிறது.

திரைப்பாடல் பொதுவாகப் பல்லவி, இடையிசை, சரணம் என நடக்கும். பல்லவிக்கு ஒரு தாள நடை, சரணத்துக்கு அதன் சற்று நிறைவான வடிவம், இரண்டுக்கும் நடுவே ஃபில் எனப்படும் தாள நிரவல் தேவை. சில பாடல்களில் சதுசிர நடை திசிரமாகவே மாறிவிடும். இம்மாற்றங்களுக்குக் கிடைக்கும் நேரம் ஓரிரு தட்டுகளே. இடக்கையை எடுத்தாலும் கருவி கடைசிக் கார்டைத் தொடர்ந்து இசைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதே தட்டில் கார்டும் மாறுமாயின் கைக்கு ஓய்வில்லை. அப்போது மிச்சமிருப்பது கால் மட்டுமே.

மிதிகள்

மிதிகள் இருவகைப்படும். ஒன்று, அழுத்தினால் இயங்கி விட்டால் நிற்கும் சுவிட்சு மிதி. மற்றொன்று, ஒலியளவு போன்றவற்றைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் தொடர்மிதி. 1983 இல் வெளியான மிடி தரத்தில் சுரத்தை நீட்டிக்கும் சஸ்டெயின் மிதிக்கு 64 ஆம் எண்ணும், உணர்ச்சிக்கேற்ப ஒலியளவை மாற்றும் எக்ஸ்பிரஷனுக்கு 11 ஆம் எண்ணும் உரியன.

முதல் மிதி பொதுவாகச் சஸ்டெயினாகவே அமைந்திருக்கும். பியானோவுக்கு அது இன்றியமையாதது. ஆனால் புல்லாங்குழல், நாதசுவரம், வயலின் ஒலிகளில் மெட்டு வாசிப்பவருக்கு அதனால் பயன் குறைவு; சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். அம்மிதியை ஃபில்லுக்கோ, ரெஜிஸ்ட்ரேஷன் எனப்படும் முன்பதிவு அமைப்புகளில் அடுத்ததற்குச் செல்லவோ ஒதுக்குவது மெல்லிசைக்குப் பொருத்தமானது. தாளத்தைத் தொடங்கி நிறுத்தும் பணியை மிதிக்குத் தராமலிருப்பது நல்லது. கால் தவறிப் பட்டால் மேடை முழுவதும் அமைதியாகிவிடும்.

கிளைடு என்ற பணியில், மிதியை அழுத்தினால் சுரம் இடம்பெயர்ந்து, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். கீபோர்டில் கருநாடக இசை வாசிக்கும் கே. சத்யநாராயணன் போன்றோர் கமகங்களுக்குச் சுரவளைவுச் சக்கரத்தைப் பயன்படுத்துகின்றனர். அதற்கு ஒரு கை வேண்டும். இடக்கையில் கார்டு பிடிப்பவருக்கு அதன் சிறுபகுதியையேனும் தருவது கிளைடு மிதி.

முன்பதிவும் சுருதியும்

ஒரு முன்பதிவில் ஒலி, தாளம், வேகம், ஒலியளவு ஆகிய யாவும் சேர்த்துச் சேமிக்கப்படுகின்றன. டிரான்ஸ்போஸ் எனப்படும் சுருதி மாற்றமும் அதில் அடங்கும். மேடையில் நேரும் மிகப்பெரிய தொல்லை இங்கேதான் பிறக்கிறது.

ஒரு பாடல் ஒரு கட்டைச் சுருதியில், அதாவது டிரான்ஸ்போஸ் சுழியமாக இருக்கும்போது பதியப்பட்டது எனக் கொள்வோம். பாடகியின் குரலுக்கு இரண்டு கட்டை தேவை. வாசிப்பவர் டிரான்ஸ்போஸ் பொத்தானை இருமுறை அழுத்தி இரண்டு அரைச்சுரம் உயர்த்துகிறார். பல்லவி சரியாகப் போகிறது. சரணத்துக்காக மிதியை அழுத்தியதும், இரண்டாம் முன்பதிவு தன்னிடமுள்ள சுழியத்தையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. பாடகி இரண்டு கட்டையில் நிற்க, கருவி ஒரு கட்டைக்கு இறங்கிவிடுகிறது. பாடுபவரே சுருதி தவறியதாகக் கேட்போர் எண்ணுவர்.

இதைத் தவிர்க்க, முன்பதிவு மாறும்போது குறிப்பிட்ட சில அமைப்புகள் மட்டும் மாறாதவாறு பூட்டிவைக்கும் வசதி உண்டு. யமஹாவில் இது ஃபிரீஸ் என்றும் கோர்க்கில் லாக் என்றும் அழைக்கப்படுகிறது. சுருதி மாற்றத்தை இதில் சேர்த்துவிட வேண்டும். ஒதுக்கத்தக்க பொத்தான்களில் ஒன்றை இதற்கே தந்துவிட்டால், பூட்டைத் தேவைப்படும்போது நீக்கவும் முடியும்.

எளிய மாதிரிகள்

இந்தியச் சந்தைக்கென வெளியிடப்பட்ட யமஹா பிஎஸ்ஆர்-ஐ455 போன்ற விலை குறைந்த மாதிரிகளில் தபேலா, தம்புரா ஒலிகளும் இந்தியத் தாளங்களும் உள்ளன. ஆனால் மிதிக்கான இணைப்பு சஸ்டெயினுக்கு மட்டுமே. இவற்றில் முன்பதிவுப் பொத்தான்களே குறுக்குவழி. பல்லவி முதலாவது, இடையிசை இரண்டாவது, சரணம் மூன்றாவது என எல்லாப் பாடல்களுக்கும் ஒரே வரிசையில் பதிந்தால், கை பழகிவிடும்.

கவனிக்கவேண்டியவை

மிதிகளில் சில அழுத்தும்போது மின்சுற்றை மூடுபவை; சில திறப்பவை. பல கீபோர்டுகள், இயக்கும் கணத்தில் மிதி இருக்கும் நிலையையே அழுத்தாத நிலை எனக் கொள்கின்றன. ஆகவே மிதியின்மேல் கால் வைத்துக்கொண்டு கருவியை இயக்கினால் பணி தலைகீழாகிவிடும். அணைத்து மீண்டும் இயக்கினால் சரியாகும். இருட்டான மேடையில் ஜெனரேட்டர் நின்று திரும்ப வரும்போது இது எளிதில் நேரக்கூடியது. அந்நேரத்தில் பதியாமல் வைத்திருந்த சுருதி, வேகம், ஒலி ஆகியனவும் அழிந்துவிடும். பொத்தான்களில் பதிந்த தொகுப்பைக் கோப்பாகச் சேமிக்காமல் வேறொரு தொகுப்பைத் திறந்தாலும் முந்தையது போய்விடும் என்பதால், அதன் படியொன்றை யுஎஸ்பி நினைவகத்தில் வைத்திருப்பது வழக்கம்.