வண்டியைப் படியில் பாருங்கள்

திருவண்ணாமலைக்கு வந்துபோகும் யாத்திரை வேன்களில் மூன்று தலைமுறைகளைப் பார்த்தவன் நான். முதலில் மேட்டடார். பிறகு டெம்போ டிராவலர். இப்போது அர்பேனியா. மூன்றையும் தயாரித்தது ஒரே நிறுவனம். 1958இல் தொடங்கிய பஜாஜ் டெம்போதான் 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது.

மூன்றின் ஸ்டீயரிங்கையும் நான் பிடித்திருக்கிறேன். இப்போது ஓட்டுவதில்லை; கோயில் பயணம் போகும் குடும்பங்களுக்கு வண்டி பேசிவிடுகிறேன். "அண்ணே, டிராவலரே போதுமா, இல்ல புது வண்டியா பாக்கலாமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "கூட வர்ற பெரியவங்க எத்தனை பேரு? முட்டி வலி யாருக்கு இருக்கு?" வாடகை, வேகம், ஏசி எல்லாம் அதற்குப் பிறகு.

காரணம் இருக்கிறது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வெறுங்காலில் அதைச் சுற்றி முடித்துவிட்டு விடியற்காலையில் வண்டியிடம் வருகிற அம்மாவுக்கு, வேனின் படிக்கட்டு இன்னொரு மலை. கார்த்திகை தீபத்தன்றும் பௌர்ணமியன்றும் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவதால், அதுவரை கூடுதலாக நடக்க வேண்டும். ஒரு வண்டி நல்லதா கெட்டதா என்பது அந்த நேரத்தில், அந்தப் படியில் தெரிந்துவிடும்.

அந்தக் கணக்கில் மேட்டடாருக்கு நல்ல மதிப்பெண். அந்தப் பெயரில் முதல் வேனை உருவாக்கியது ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருந்த டெம்போ என்ற நிறுவனம், 1949இல். முதலில் அதற்குள் இருந்தது ஃபோக்ஸ்வாகன் காரின் என்ஜின். 1950இல் ஃபோக்ஸ்வாகன் தானே ஒரு வேனைக் கொண்டுவந்தது. போட்டியாளருக்கு என்ஜின் தருவதைப் பிறகு நிறுத்திவிட்டது. அந்த ஃபோக்ஸ்வாகன் வேனைத்தான் உலகம் முழுக்கத் தெரியும். 1951 முதல் வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் வைத்து, வீடாக மாற்றிக் கொடுத்தது. 1960களிலும் 70களிலும் ஐரோப்பிய இளைஞர்கள் அந்த மாதிரி வண்டிகளில் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்கே வந்தார்கள். 1979இல் ஈரான் புரட்சியும், ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததும் அந்தச் சாலையை மூடிவிட்டன.

மேட்டடாரில் என்ஜின் இழுப்பது முன் சக்கரங்களை. பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டு தரைக்கு அடியில் தேவையில்லை. அதனால் தரை தாழ்வாக இருக்கும். பாட்டிமார்கள் புடவையைத் தூக்கிப் பிடிக்காமல் ஏறினார்கள். நான் ஓட்டியதில் உள்ளே எதிரெதிராக இரண்டு பலகை இருக்கைகள். நடுவில் அரிசி மூட்டை, ஸ்டவ், குண்டான். பலகையை ஓரமாகச் சாய்த்து ஜமுக்காளம் விரித்தால் பெண்களும் குழந்தைகளும் படுத்துக்கொள்வார்கள். பம்புசெட்டைக் கண்டால் நிறுத்திக் குளியல், ஏரிக்கரையில் அடுப்பு மூட்டிச் சோறு. வெள்ளைக்காரர்கள் கேம்பர் வேன் என்று சொன்னதை நம் கிராமத்து ஜனங்கள் தாங்களாகவே செய்துகொண்டார்கள்.

ஆனால் அந்த வண்டியில் ஓட்டுநருக்கு முன்னால் இருந்தது வெறும் தகரம். மோதினால் முதலில் போவது அவன் முழங்கால். பக்கத்திலேயே என்ஜின்; சித்திரை மாதத்தில் இடது கால் வெந்துவிடும். சுமை முழுக்கப் பின்னால் உட்கார்ந்தால் மேட்டில் முன் சக்கரத்துக்குப் பிடிப்புக் குறையும். குமுளி மலையில் ஆட்களை இறக்கிவிட்டு வண்டியை ஏற்றியிருக்கிறேன். பழசை நினைத்து ஏங்குகிறவர்கள் இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

1987இல் டிராவலர் வந்தது. அதன் மூலம் மெர்சிடிஸ் நிறுவனத்தின் டி1 வேன். என்ஜினும் மெர்சிடிஸ் உரிமத்தில் இங்கே செய்த 2.4 லிட்டர் டீசல். இழுப்பு பின் சக்கரத்துக்கு மாறியது. ஆள் ஏற ஏறப் பின் சக்கரம் சாலையை அழுத்திப் பிடித்தது. மலைப்பாதை பயம் குறைந்தது. ஓட்டுநருக்கு முன்னால் ஒரு குட்டை மூக்கும் கிடைத்தது. உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். இருக்கைகள் எல்லாம் முன்பார்த்துத் திரும்பின. சாய்வு இருக்கை, தலைக்கு மேலே பைகள் வைக்கத் தட்டு, பிறகு ஏசி.

இந்த வண்டி இவ்வளவு பரவியதற்குச் சட்டமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் பன்னிரண்டு பேர் வரை வாடகைக்கு ஏற்றிச் செல்வது மேக்சி கேப். பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு சேர்ந்தால் பன்னிரண்டு பேர். நவக்கிரகக் கோயில்களுக்கும் அறுபடை வீட்டுக்கும் அளவெடுத்ததுபோல் அது அமைந்துவிட்டது. இன்று கேரவனாக மாற்றப்படும் வண்டிகளிலும் இதைத்தான் நிறையப் பார்க்கிறோம்.

இழந்தது ஒன்று உண்டு: படி உயர்ந்துவிட்டது. பின்பக்கத்தில் பட்டை ஸ்பிரிங். கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கு ஒவ்வொரு வேகத்தடையும் இடுப்பில் தெரியும். அந்த வரிசையில் பெரியவர்களை உட்கார வைக்கவே கூடாது.

2022 நவம்பரில் வந்தது அர்பேனியா. மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் தயாராகிறது. தனிச் சட்டகத்தின் மேல் உடலை வைத்துக் கட்டாமல், முழு உடலையுமே ஒரே கட்டமைப்பாகச் செய்திருக்கிறார்கள். மோதலின் அடியை உடல் முழுக்கப் பகிர்ந்து வாங்கும் அமைப்பு இது. முன்னால் இரண்டு சக்கரங்களும் தனித்தனியாக அசைவதால், ஒன்று பள்ளத்தில் இறங்கினாலும் மற்றது அவ்வளவாக ஆடாது. நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், ஏபிஎஸ், முன்னால் இரண்டு காற்றுப்பை. வண்டி வழுக்க ஆரம்பித்தால் தேவையான சக்கரத்தை மட்டும் தானே பிடித்து நேராக்கும் ஈஎஸ்பி. என்ஜின் 2.6 லிட்டர், 115 குதிரைத்திறன். முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்த ஒருவரை இதில் ராமேஸ்வரம் அனுப்பினேன்; வலியில்லாமல் போய்வந்தார். டிராவலரில் போகச் சொல்ல எனக்குத் துணிவு வந்திருக்காது.

ஆனால் இதன் பெரிய கண்ணாடிகள் திறப்பதற்கானவை அல்ல. என்ஜினை நிறுத்தினால் ஏசியும் நின்றுவிடும். மேட்டடாரில் படுத்ததுபோல் இதில் படுக்க நினைக்காதீர்கள். மூடிய வண்டிக்குள் என்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்குவது உயிரோடு விளையாடுவது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகராவில், நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. வண்டிக்குள் அடுப்பும் அதேபோல் ஆபத்துதான். 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையம் அருகே நின்ற யாத்திரைப் பெட்டியில் சமையல் எரிவாயுவால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். சமைக்க வேண்டுமா, மரத்தடியில் இறங்கிச் சமையுங்கள். வண்டிக்குள் புளிசாதமும் தயிர்சாதமும் போதும்.

ஓட்டுநரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேட்டடாரின் இரைச்சலும் சூடும் எங்களைத் தூங்கவிடவில்லை. புதிய வண்டி குளுகுளுவென்று சத்தமில்லாமல் போகிறது. பின்னிரவு மூன்று மணிக்கு இமை தானாக மூடும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, ஐந்து மணி நேரத்துக்குள் அரைமணியாவது ஓய்வு என்று, 2025 வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. இரவு முழுக்கக் கிரிவலம் போய்விட்டு, விடிந்ததும் "கிளம்பலாம்ப்பா" என்பதற்கு முன், நீங்கள் நடந்த நேரத்தில் அவர் தூங்கினாரா என்று கேளுங்கள். ஈஎஸ்பி தூங்கும் ஓட்டுநரை எழுப்பாது.

ஆகவே என் கணக்கு இது. ஒரே நாள் பயணம், எல்லோரும் திடமானவர்கள் என்றால், நன்றாகப் பராமரித்த டிராவலர் தாராளமாகப் போதும். மூன்று நாளுக்கு மேல் பயணம், கூடவே நோயாளியோ எழுபதைத் தாண்டியவரோ இருந்தால், கூடுதல் வாடகை கொடுத்துப் புதிய வண்டியை எடுங்கள். எதுவானாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் வீட்டின் மூத்தவரை அழைத்துவந்து, ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

வண்டி வைத்திருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கலர் விளக்குக்கும் ஸ்பீக்கருக்கும் செலவழிக்கிறீர்கள். அதில் சிறு பங்கு போதும், வாசலில் தாழ்வான ஒரு படியும் இரண்டு பக்கமும் உறுதியான கைப்பிடியும் வைக்க. முதலில் அதைச் செய்யுங்கள்.