விண்வெளிப் பொறியியல் படிக்க என்ன தகுதி வேண்டும்?

நம் பிள்ளைகளில் பலர் ராக்கெட், செயற்கைக்கோள் என்று ஆசையோடு பேசுகிறார்கள். அந்த ஆசைக்கான வாசல் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு திறப்பதில்லை. பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே அது திறக்கும், அல்லது மூடிவிடும். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் கட்டாயம். மருத்துவத்தை மட்டும் நினைத்துக் கணிதம் இல்லாத குரூப்பில் சேர்ந்துவிட்டால் இந்தப் படிப்புக்கு வர முடியாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஏரோநாட்டிக்கல் என்பது விமானம் பற்றியது. ஏரோஸ்பேஸ் என்பதில் ராக்கெட்டும் செயற்கைக்கோளும் சேரும். இரண்டுமே வடிவமைப்புப் படிப்புகள். படித்தவர் பைலட் ஆகிவிடமாட்டார். விமானப் பராமரிப்புக்கான ஏஎம்இ படிப்பும் வேறு, அதற்கு டிஜிசிஏ லைசென்ஸ் வேண்டும். விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டும் முன் இதைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

தமிழகத்தில் குரோம்பேட்டை எம்ஐடியில் ஏரோநாட்டிக்கல் படிப்பு இருக்கிறது. மர்ஹூம் அப்துல் கலாம் அவர்கள் படித்த இடம். அன்று கட்டணம் கட்ட அவருடைய சகோதரி தன் நகைகளை அடகு வைத்தார். இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகமான அங்கு சேர நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டு, கவுன்சலிங் மூலம் இடம் தருகிறார்கள். பிசிஎம் பிரிவுக்கு 3.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது, அவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

சென்னை ஐஐடியில் ஏரோஸ்பேஸ் படிக்க ஜேஇஇ மெயின், அடுத்து அட்வான்ஸ்டு என இரண்டு தேர்வுகளைத் தாண்ட வேண்டும். பிளஸ் டூவில் 75 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், அல்லது தம் போர்டில் முதல் 20 பெர்சன்டைலுக்குள் வர வேண்டும். அட்வான்ஸ்டு எழுத அடுத்தடுத்த இரு ஆண்டுகளில் இரண்டு வாய்ப்புகள்தான். பெண் பிள்ளைகளுக்கு ஐஐடிகளில் கூடுதல் இடங்கள் இருப்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் விண்வெளித் துறை நடத்தும் ஐஐஎஸ்டியும் அட்வான்ஸ்டு ரேங்கைப் பார்த்தே சேர்க்கிறது, ஆனால் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

நம்மவர்கள் பெரிதும் கோட்டை விடுவது சான்றிதழில்தான். மாநில அரசின் பிசிஎம் சான்றிதழ் ஐஐடியில் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில் ஓபிசி நான்-கிரீமிலேயர் சான்றிதழ் வேண்டும், அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பின் வாங்கியதாக இருக்க வேண்டும். உங்கள் பிரிவு மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். தாலுகா அலுவலகத்தில் நாளாகும் என்பது நமக்குத் தெரியாததா?

இடம் கிடைக்கவில்லை என்றால் இஸ்ரோ கனவு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இஸ்ரோ எடுக்கும் பொறியாளர்களில் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களே அதிகம். வசதி குறைந்த ஏதோ ஒரு கல்லூரியில் பெரும் தொகை கொடுத்து ஏரோஸ்பேஸ் வாங்குவதைவிட, நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் எடுப்பதே மேல் என்பது எங்கள் கருத்து. இஸ்ரோ தேர்வுக்குப் பொறியியலில் 65 சதவீதம் கேட்கிறார்கள், முதல் செமஸ்டரிலிருந்தே அதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.